சுங்குடிப் புள்ளி மங்காமல் படத்தைச் சுருக்க…

கேள்வி: வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கிறேன். போனில் எடுக்கும் படம் ஒவ்வொன்றும் 5 எம்பி வருகிறது, ஏற்றவே நேரமாகிறது. சுருக்கினால் புள்ளிகள் மங்கிவிடுகின்றன. என்ன செய்யலாம்?
- வாசகி, திருமங்கலம்

பதில்: மதுரையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், சுங்குடி நிறைய எடுத்திருக்கிறேன். நீங்கள் தரத்தை மட்டும் குறைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் அளவைக் குறையுங்கள். 4000-க்கு 3000 பிக்சல் படத்தை 1600-க்கு 1200 ஆக்கினாலே பிக்சல்கள் ஆறில் ஒரு பங்காகிவிடும். போனில் பார்ப்பவருக்கு அது தாராளம். அப்புறம் ஜேபெக் (JPEG என்ற படக் கோப்பு வகை) தரத்தை நூற்றுக்கு 80 வாக்கில் வைத்துச் சேமியுங்கள்.

இந்தத் தரத்தை ரொம்பக் குறைத்தால், முடிச்சுப் போட்ட இடத்து வெள்ளைப் புள்ளியைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி தெரியும். ஜேபெக், படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து நுணுக்கங்களைக் கழிக்கிறது. அந்தத் தடம்தான் அது. அரக்குச் சிவப்பில் பளிச்சென்று தெரியும். கையால் போட்ட முடிச்சு என்று காட்டுவதே அந்தப் புள்ளிதான், அதை விட்டுவிடாதீர்கள். முந்தானையைக் கிட்டத்தில் தனியாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

சுருக்குவதை எப்போதும் நகலில் செய்யுங்கள். அழகர் ஆற்றில் இறங்கிய படம் ஒன்றைச் சுருக்கி, அசலின் மேலேயே சேமித்துவிட்டேன். பெரிதாகப் பிரிண்ட் கேட்டவருக்குக் கொடுக்க முடியவில்லை, இன்றும் வருத்தம்தான்.

வாட்ஸ்அப்பில் அசலை அனுப்ப வேண்டுமானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். வீட்டில் எடுப்பதால், வீடு இருக்கும் இடம் படக் கோப்போடு சேர்ந்து போகாமலிருக்க, போன் கேமராவில் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிடுங்கள்.