கடைசி நாலரைக் கிலோ

வணக்கம்.

எனக்கு வயது 41. உயரம் 158 செ.மீ. ஏழு மாதத்துக்கு முன் 74 கிலோ இருந்தேன், இப்போது 64.5. அறுபதுக்கு வரவேண்டும் என்பது இலக்கு. ஆனால் ஐந்து வாரமாக எடை அப்படியே நிற்கிறது. திங்கட்கிழமை காலைதோறும் பார்க்கிறேன், அதே எண்தான். ஒரு நாளைக்கு 1400 கலோரி என்று கணக்கு வைத்துச் சாப்பிடுகிறேன். காலையில் மூன்று இட்லி, சட்னி. மதியம் ஒரு கப் சாதம், சாம்பார், பொரியல். இரவு இரண்டு சப்பாத்தி. இரண்டு வேளை டீ. எண்ணெய் எனக்கு இரண்டு டீஸ்பூனுக்கு மேல் போகாது. ஞாயிறு மட்டும் வீட்டில் நான்கு பேரும் வெளியே சாப்பிடுவோம், பெரும்பாலும் பிரியாணி. தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால்தான் இனி இறங்கும் என்கிறார்கள். நிறுத்தட்டுமா? என் மெட்டபாலிசம் கெட்டுவிட்டதா?

கே.

அன்புள்ள கே.,

இரவுச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். உங்கள் மெட்டபாலிசம் கெடவும் இல்லை. ஒன்பதரைக் கிலோ குறைந்த உடம்புக்குக் கலோரிச் செலவு குறைந்துவிட்டது, அவ்வளவுதான். உங்கள் எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

வயது, உயரம், எடை மூன்றையும் கொண்டு உடலின் அடிப்படைச் செலவைக் கணக்கிட மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் என்ற சூத்திரம் 1990 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி 74 கிலோவில் உங்கள் உடல் சும்மா இருந்தாலே ஏறக்குறைய 1360 கலோரி செலவழித்தது. இப்போது 1265. வீட்டு வேலை, நடை எல்லாம் சேர்த்து 1.4 மடங்கு என்று வைத்தால் அன்றைய மொத்தச் செலவு 1900, இன்றையது 1770. இது மதிப்பீடுதான், நூறு முன்னே பின்னே இருக்கலாம். 1400 சாப்பிட்டபோது அன்று தினம் 500 கலோரி பற்றாக்குறை இருந்தது. இன்று 370 மட்டுமே. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்பதால், எல்லாம் சரியாக நடந்தாலும் வாரத்துக்கு 340 கிராம்தான் குறையும்.

ஆனால் 1400 என்பது உண்மையில் 1400 இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் ஏமாற்றுவதாகச் சொல்லவில்லை. எதைச் செய்தாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை வைத்து 1992-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அவர்கள் தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய மெட்டபாலிசத்தில் கோளாறு எதுவும் இல்லை. கண் அளவு எல்லோருக்கும் தப்பும்.

உங்கள் வீட்டில் தப்பும் முதல் இடம் எண்ணெய். பொரியலிலும் தாளிப்பிலும் தோசைக்கல்லிலும் பிரிந்து போவதால் யாருக்கும் அளவு தெரிவதில்லை. டீஸ்பூனை எண்ணுவதை விட்டுவிட்டு மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். நான்கு பேருக்கு நான்கு லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி. அது 270 கலோரி. நீங்கள் நினைக்கும் இரண்டு டீஸ்பூன் 10 மில்லி, அதாவது 80 கலோரி. பொரித்து மிஞ்சியதைக் கொட்டியது, மற்றவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டது எல்லாவற்றையும் கழித்தாலும் இடையில் நூறு கலோரி ஒளிந்திருக்க இடம் இருக்கிறது. சட்னியில் தேங்காயையும் பொட்டுக்கடலையையும் கணக்கில் எழுதுகிறீர்களா?

அடுத்தது அந்த ‘ஒரு கப்’. தலைதட்டிய சின்னக் கிண்ணத்தில் 150 கிராம் சாதம் பிடிக்கும், 195 கலோரி. கோபுரமாக வைத்தால் அதே கிண்ணமே 250 கிராம் ஆகிவிடும், 325 கலோரி. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குழைந்த சாதத்துக்கும் உதிர்ந்த சாதத்துக்கும் நீர் வேறுபடுவதால் அரிசியாகவே நிறுப்பது இன்னும் நல்லது. 100 கிராம் அரிசிக்கு 350 கலோரி. குக்கரில் போட்ட மொத்தத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று வகுத்துக்கொண்டால் போதும்.

பிறகு ஞாயிறு. ஒரு முழுத் தட்டு பிரியாணி எளிதாக 800 கலோரியைத் தாண்டும். கூட ஒரு சிக்கன் 65, ஒரு குளிர்பானம் சேர்ந்தால் அந்த ஒரு நாள் மட்டும் 800 கலோரி கூடுதலாகிவிடும். இப்போது கூட்டிப் பாருங்கள். எண்ணெயிலும் சாதத்திலுமாகத் தினமும் 150 கலோரி மறைந்திருப்பதாக வைத்தால், அது போக 220 கலோரி பற்றாக்குறை, ஏழு நாளைக்கு 1540. அதில் ஞாயிறின் 800 போனால் மிச்சம் 740. வாரத்துக்கு நூறு கிராம் கொழுப்பு. ஐந்து வாரத்துக்கு அரைக் கிலோ. இதே பிழைகள் 74 கிலோவிலும் இருந்திருக்கும். அன்று பற்றாக்குறை பெரிதாக இருந்ததால் அவற்றைத் தாங்கியது.

அந்த அரைக் கிலோவும் ஏன் எடை மெஷினில் தெரியவில்லை? நீர்தான் காரணம். சாப்பிட்ட மாவுச்சத்தை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேரும். உப்பு இன்னும் கொஞ்சம் நீரைப் பிடித்து வைக்கும். நீங்களோ ஞாயிறு பிரியாணிக்கு மறுநாள் காலையில் எடை பார்க்கிறீர்கள். எல்லாத் திங்களும் ஞாயிற்றுக்கு அடுத்ததுதானே, ஒப்பிடலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு ஞாயிறு போல இன்னொன்று இருப்பதில்லை. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு ஒரு கிலோ வரை நீர் கூடும். வாரம் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அரைக் கிலோ மாற்றத்தைப் பிடிக்க முடியாது.

எனவே முதல் 28 நாள் சாப்பாட்டில் எதையும் குறைக்க வேண்டாம், அளந்து மட்டும் சாப்பிடுங்கள். தினமும் காலையில் கழிவறை போய் வந்து, டீ குடிக்கும் முன் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தனி எண்களைப் பார்த்து மனம் சோர வேண்டாம். ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிலக்கு முடிந்த வாரத்தை அடுத்த சுற்றில் அதே வாரத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயமான ஒப்பீடு. இடுப்பளவையும் வாரம் ஒரு முறை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும்.

குறைக்கச் சொல்லாத நான் ஒன்றை மாற்றச் சொல்வேன். நீங்கள் எழுதிய பட்டியலில் புரதம் 30 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். உங்கள் எடைக்கு 75 கிராம் வேண்டும். இரவுச் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். இருக்கும் கொஞ்சப் புரதமும் போனால் கொழுப்போடு தசையும் கரையும், செலவு மேலும் குறையும், பசி அதிகமாகும். காலையில் ஒரு இட்லியைக் குறைத்து இரண்டு முட்டை வைத்தால் 12 கிராம் கிடைக்கும். மதியம் 100 கிராம் மீன் அல்லது கோழி, 20 கிராமுக்கு மேல். அசைவம் வேண்டாத நாளில் உலர்ந்த நிலையில் 30 கிராம் மீல்மேக்கர், 15 கிராம். 200 கிராம் தயிர் 7, டீயோடு ஒரு கை சுண்டல் 6. இதற்கான கலோரியைச் சாதத்திலும் எண்ணெயிலும் குறைத்து ஈடுகட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

நடை நல்லது, ஆனால் அது போதாது. வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, கனமான பையைக் குனிந்து தூக்குவது என்று தொடங்குங்கள். ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று முறை. எளிதானதும் கனத்தைக் கூட்டுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் வலிக்கும் தசைகளில் நீர் சேர்ந்து எடை சற்று ஏறும். பலர் அந்த இடத்தில்தான் பயந்து விட்டுவிடுகிறார்கள்.

28 நாளுக்குப் பிறகும் சராசரி நகரவில்லை என்றால் 150 கலோரி குறையுங்கள், அல்லது தினம் 2000 காலடி கூடுதலாக நடங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள், எது பலித்தது என்று தெரியாமல் போகும். ஏழு மாதம் தொடர்ந்ததில் களைப்பும் எரிச்சலும் தூக்கக் குறைவும் இருந்தால், இரண்டு வாரம் 1750 கலோரி அளவில் சாப்பிட்டு ஓய்வு எடுத்துவிட்டுப் பிறகு தொடருங்கள். எடை சட்டென்று ஒரு கிலோ ஏறினால் அதில் பெரும்பகுதி நீர்தான். இப்படி விட்டுவிட்டுச் செய்வதால் கொழுப்பு அதிகம் குறையும் என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் வந்த சில ஆய்வுகளில் அது உறுதியாகவில்லை. நான் ஓய்வைப் பரிந்துரைப்பது மனத் தெம்புக்காக.

அறுபது என்ற எண்ணை இறுகப் பிடிக்க வேண்டாம். இந்தியப் பெண்களுக்கு இடுப்பளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. 62 கிலோவில் அது வந்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தால் அங்கேயே நிற்பதில் தவறில்லை. அறுபதுதான் வேண்டும் என்றால் வாரம் 250 கிராம் வீதம் 18 வாரம் ஆகும் என்று நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கு தவறினாலோ, முடி கொட்டி, குளிர் தாங்காமல், கால் வீங்கினாலோ காத்திருக்காமல் தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரைப் பாருங்கள். சமீபத்தில் ஸ்டீராய்டு, மனச்சோர்வு, வலிப்பு இவற்றுக்கு மாத்திரை தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள், சிலவகை எடையைக் கூட்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

28 நாள் எண்களையும் இந்த மாதம் வாங்கிய எண்ணெய் அளவையும் எழுதி அனுப்புங்கள். 150 கலோரியை எங்கே குறைப்பது என்று அப்போது பார்ப்போம்.