கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தது, காந்தமும் ஒட்டுகிறது. இது விண்கல்லா?

இருக்கலாம். ஆனால் அதற்கு முன் மூன்றைக் கழித்தாக வேண்டும்: ஹெமடைட், மேக்னடைட் என்ற இரண்டு இரும்புத் தாதுக்கள், இரும்பு உருக்கும் உலையின் கசடு. மூன்றும் கறுப்பாக இருக்கும், கனக்கும், காந்தத்துக்கு இழுபடவும் கூடும்.

ஓடைப் படுகை ஒன்றில் எனக்கும் இப்படி ஒரு கல் கிடைத்தது. கோழிமுட்டையை விடச் சற்றுப் பெரியது. தூக்கியதுமே மணிக்கட்டு இறங்கியது. காந்தம் லேசாக ஒட்டியது. விண்கல்தான் என்று நம்பிச் சில மாதங்கள் துணியில் சுற்றி வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் தரைக்குப் பதிக்கும் பீங்கான் டைல் ஒன்றைத் திருப்பிப் போட்டு, வழவழப்புப் பூச்சு இல்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தேன். கறுப்புக் கல் சிவப்புக் கோடு போட்டது! உறைந்த ரத்தத்தின் நிறம். ஹெமடைட் என்ற பெயரே ரத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். கல்லின் மேல்நிறம் வெயில், மழை, துரு, கலப்படம் எதனாலும் மாறும். டைலில் கோடாக விழும் தூளின் நிறம் அவ்வளவாக மாறாது. சிவப்பு அல்லது செம்பழுப்பு என்றால் ஹெமடைட். நல்ல கறுப்பு என்றால் மேக்னடைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். விண்கல் பெரும்பாலும் கோடே போடாது, போட்டாலும் மங்கிய சாம்பல்தான். ஒரு எச்சரிக்கை: கோடு வெள்ளையாக விழுந்தால் விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் கல் டைலை விடக் கடினம், அங்கே உதிர்ந்திருப்பது டைலின் தூள்.

அடுத்தது அடர்த்தி. சமையலறைத் தராசு போதும். கல்லை உலர்வாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் உள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்து, காட்டும் எடையைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம், கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். என் கல் உலர்வில் 318 கிராம், தண்ணீரில் தராசு காட்டியது 64. வகுத்தால் 4.97. சுத்தமான ஹெமடைட் 5.3 அளவில் இருக்கும். என் கல்லின் ஓரத்தில், பூமிப் பாறைகளில் சகஜமாகக் காணும் வெள்ளைக் குவார்ட்ஸ் கனிமம் ஓடியிருந்தது, அதன் அடர்த்தி 2.65 மட்டுமே. குறைந்ததற்குக் காரணம் அதுதான். இரும்பு விண்கல் என்றால் 7-க்கு மேல் காட்டும். கல் வகை விண்கற்கள் பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் நடுவில் நிற்கும்.

உடைந்த முகம் இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளே குமிழ் குமிழாக ஓட்டைகள் இருந்தால் அநேகமாக உலைக் கசடு. விண்கல்லின் தோலில், உருகி உறைந்த கறுப்புப் படலம் ஒன்று மிக மெல்லியதாக இருக்கும். உள்ளே சாம்பல் நிறப் பின்னணியில் உலோகப் புள்ளிகள் மின்னும். குவார்ட்ஸ் படிகங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் விண்கல் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

காந்தத்தை இனி அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். உண்மையிலேயே விண்கல்லாக இருந்தால், ஆதியில் அதில் பதிந்த காந்தத் தடத்தை நம் கையில் இருக்கும் வலுவான காந்தம் அழித்துவிடும். அந்தத் தடத்தைப் படித்துத்தான் சூரியக் குடும்பத்தின் தொடக்க காலக் காந்தப்புலத்தை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். போனால் திரும்ப வராது. சுத்தியலால் உடைக்கவும் வேண்டாம்.

இத்தனையும் தாண்டி விண்கல்லாகவே தோன்றினால், புவியியல் துறை உள்ள கல்லூரியில் காட்டி, நிக்கல் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இரும்பு விண்கற்களில் நிக்கல் கட்டாயம் இருக்கும்.

பதிலில் நீங்கள் எழுத வேண்டியது: கோட்டின் நிறம், அடர்த்தி, கூடவே கிடைத்த இடத்தில் இதே மாதிரிக் கற்கள் வேறு கிடந்தனவா என்பது. உலர்ந்த கல்லுக்கு ஒரு படம், நனைத்த கல்லுக்கு ஒரு படம், இரண்டிலும் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.