சென்னைக்கு லோகோ வேண்டாம், போர்டு போதும்

கேள்வி: பிறந்து வளர்ந்தது பெரம்பூர். பன்னிரண்டு வருஷமாக வெளியூரில் கிராஃபிக் டிசைனர். இப்போது சென்னைக்கே திரும்புகிறேன். தெரிந்த தொழிலால் ஊருக்கு ஏதாவது செய்ய ஆசை. எங்கே தொடங்கலாம்? இலவசமாகத்தான் செய்ய வேண்டுமா? - ஒரு வாசகி

பதில்: வாங்கம்மா. சென்னைக்குப் புது லோகோ போடுகிறேன் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், ஊர் திரும்பிய முதல் மாதம் எல்லா டிசைனருக்கும் அந்த ஆசை வரும். அதற்குப் பதில் உங்கள் பெரம்பூர் 29சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெசன்ட் நகர் வரை போய், வழியெல்லாம் போர்டுகளில் தமிழ் படும் பாட்டைப் பாருங்கள். இங்கிலீஷை அழகாக வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் தமிழைத் திணித்திருப்பார்கள். 'எமர்ஜென்சி' ஒரு சொல், 'அவசர சிகிச்சைப் பிரிவு' மூன்று சொல். போதாததற்கு 'கி'க்கு மேலே வளைவு, 'ழு'வுக்குக் கீழே வால். இங்கிலீஷுக்கு விடும் வரி இடைவெளியையே விட்டால் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையை மிதிக்கும்.

ஒரு மருத்துவமனையில் இப்படிப்பட்ட போர்டுக்கு நேர் கீழே நின்று ஒரு பாட்டி வாட்ச்மேனிடம் வழி கேட்டார். படிக்கத் தெரியாதவர் இல்லை, கையில் மடித்த தினசரி இருந்தது. அந்த மாதிரி ஒரே ஒரு இடத்தை எடுங்கள், கிளினிக்கோ ரேஷன் கடையோ. அங்கிருக்கும் போர்டைத் திருத்தி வரைந்து, சாதாரணத் தாளில் அச்சடித்து ஒட்டிவிட்டு, ஜனங்கள் இன்னும் வாட்ச்மேனைத்தான் கேட்கிறார்களா என்று ஒரு வாரம் பாருங்கள்.

எழுத்துருவுக்குக் காசு செலவில்லை. முக்தா மலர், பலூ தம்பி இரண்டும் இலவசம் (இரண்டையும் வெளியிட்டது மும்பைக் குழு, நமக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கட்டும்). பிளெக்ஸ் கடைக்கு அனுப்பும்போது மறக்காமல் எழுத்துகளை கர்வ் ஆக்கி (அதாவது எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றி) அனுப்புங்கள், இல்லையென்றால் அவர்கள் கோரல் டிரா மென்பொருளில் திறந்ததும் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். அப்புறம், பக்கத்தில் பழைய பெயின்டர் யாராவது இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை வைத்த 'லை'யை இன்றைக்கும் தூரிகையில் ஒரே இழுப்பில் போடுகிறவர்கள் உண்டு.

இலவசமா? கூடாது. ஓசியில் கொடுத்த டிசைனை நீட்டிச் சுருக்கி, ஓரத்தில் அண்ணன் படத்தையும் வைத்துவிடுவார்கள், நீங்கள் வாய் திறக்க முடியாது. குறைவாக வாங்குங்கள், ஆனால் பில் போட்டு வாங்குங்கள், பாதி அட்வான்ஸாக.