ஃப்ளோட் எண் எந்த ரெஜிஸ்டரில் போகிறது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வண்டன்மேடு, குமுளி பக்கத்து ஏலக்காய் ஸ்டோர்களுக்கு வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுக்கிறோம். எஸ்டிஎம்32எஃப்407 போர்டு. சென்சார் விற்றவர்கள் ஃபில்டர் லைப்ரரியை மூலக் கோடு இல்லாமல், கம்பைல் ஆன '.ஏ' கோப்பாக மட்டும் தந்தார்கள். எங்கள் புரோகிராமோடு சேர்த்து லிங்க் செய்தபோது 'விஎஃப்பி ரெஜிஸ்டர் ஆர்கியுமென்ட்ஸ்' என்று ஒரு பிழை வந்தது. தெரிந்தவர் சொன்னபடி லிங்கருக்கு '--நோ-வார்ன்-மிஸ்மேட்ச்' கொடுத்ததும் பிழை போய்விட்டது. ஆனால் 52.5 டிகிரியை அனுப்பினால் அதே 52.5 திரும்பி வருகிறது, ஃபில்டர் ஆவதே இல்லை. லைப்ரரியின் லாக்கில் வெப்பநிலை 1.4 × 10⁻⁴⁴ என்று இருக்கிறது. சிப் போய்விட்டதா?
– கம்பம் வாசகர்

பதில்: சிப் நன்றாகத்தான் இருக்கிறது. லிங்கர் சரியான புகாரைச் சொன்னது, அதன் வாயை நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

உங்கள் சிப் 32 பிட் ஆர்ம் வகை. அதில் ஃபங்ஷனுக்கு ஃப்ளோட் எண்ணை (புள்ளி வைத்த எண்) அனுப்ப இரண்டு முறைகள் உண்டு. அடிப்படை முறையில் ஃப்ளோட்டும் இன்ட்டும் (முழு எண்) ஒன்றுபோல ஆர்0 முதல் ஆர்3 வரையுள்ள சாதாரண ரெஜிஸ்டர்களில் (சிப்புக்குள் எண் வைக்கும் சிறு அறைகள்) போகும். டபுள் (இரு மடங்கு நீள ஃப்ளோட்) என்றால் இரண்டு ரெஜிஸ்டர் எடுத்துக்கொள்ளும். ஹார்ட் முறையில் ஃப்ளோட் எஸ்0-விலிருந்தும் டபுள் டி0-விலிருந்தும் தொடங்கும் எஃப்பியு (புள்ளி எண் கணக்குக்கான தனிப் பகுதி) ரெஜிஸ்டர்களில் போகும். உங்கள் கோடு '-எம்ஃப்ளோட்-ஏபிஐ=ஹார்ட்' போட்டுக் கம்பைல் ஆகியிருக்கிறது, லைப்ரரி அடிப்படை முறையான 'சாஃப்ட்' போட்டு. சாவியை ஒருவர் மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போக, மற்றவர் ஜன்னல் மேல் தேடுகிற கதைதான்.

உங்கள் ஃபங்ஷன் முதலில் வெப்பநிலையையும், பிறகு எத்தனை அளவுகளைச் சேர்த்துப் பார்ப்பது என்ற இன்ட்டையும் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணிக்கை 10. நீங்கள் 52.5-ஐ எஸ்0-விலும் 10-ஐ ஆர்0-விலும் வைக்கிறீர்கள். லைப்ரரியோ வெப்பநிலையை ஆர்0-வில் தேடுகிறது. அங்கே கிடக்கும் 10 என்ற முழு எண்ணின் பிட்களை ஃப்ளோட்டாகப் படித்தால் கிடைப்பது 1.4 × 10⁻⁴⁴. உங்கள் லாக்கில் இருப்பது அதுதான். கணக்குப் போட்டு விடையை லைப்ரரி ஆர்0-வில் வைக்கிறது, நீங்கள் எஸ்0-வைப் படிக்கிறீர்கள். 'சாஃப்ட்' கோடு எஃப்பியு பக்கமே போகாது என்பதால் நீங்கள் அனுப்பிய 52.5 அங்கே அப்படியே இருக்கும்.

எண்ணைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். 10⁻⁴⁴ வட்டாரத்தில் எண் தெரிந்தால் ஒரு சிறிய இன்ட் ஃப்ளோட்டாகப் படிக்கப்பட்டிருக்கிறது. 1.08 × 10⁻¹⁹ வட்டாரத்தில் தெரிந்தால் அது பாயின்ட்டர்: உங்கள் சிப்பின் ரேம் தொடங்கும் ஹெக்ஸ் 20000000 என்ற முகவரியை ஃப்ளோட்டாகப் படித்தால் வரும் எண் அது. ஆனால் 'சதவீதம் எஃப்' போட்டு அச்சிட்டால் இரண்டுமே 0.000000 என்றுதான் வரும். 'சதவீதம் இ' போடுங்கள்.

பிரிண்ட்எஃப் சரியாக அச்சிடுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆர்கியுமென்ட் எண்ணிக்கை மாறக்கூடிய ஃபங்ஷன்களுக்கு ஹார்ட் முறையிலும் அடிப்படை முறைதான் விதி. அதனால் மற்றதெல்லாம் கெட்டுக் கிடக்கும்போதும் பிரிண்ட்எஃப் ஒழுங்காக வேலை செய்யும். இதை நம்பிப் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

முதல் தீர்வு, விற்றவர்களிடம் ஹார்ட் முறையில் கம்பைல் செய்த லைப்ரரியைக் கேட்பது. கிடைக்காவிட்டால் உங்கள் கோடு முழுவதையும் '-எம்ஃப்ளோட்-ஏபிஐ=சாஃப்ட்எஃப்பி' என்று மாற்றுங்கள். எங்கள் ஓட்டு இதற்குத்தான். இதில் கணக்கை எஃப்பியு-வே போடும், எண் கைமாறுவது மட்டும் ஆர் ரெஜிஸ்டர் வழியாக நடக்கும். சாஃப்ட்டும் சாஃப்ட்எஃப்பியும் தாராளமாகக் கலக்கலாம், ஹார்ட்டோடுதான் இரண்டும் ஒட்டாது. ஒவ்வொரு அழைப்பிலும் ஓரிரண்டு நகர்த்தல் கட்டளை கூடும். ஏலக்காய் உலர்த்தும் பெட்டிக்கு அது ஒரு செலவே இல்லை. இந்த ஃப்ளாக்கையும் '-எம்எஃப்பியு=எஃப்பிவி4-எஸ்பி-டி16' என்பதையும் லிங்க் செய்யும் வரியிலும் எழுத வேண்டும். எந்த சி லைப்ரரியை எடுப்பது என்று ஜிசிசி அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அதே ஃப்ளாக்குகளுடன் '-பிரிண்ட்-மல்டி-டைரக்டரி' கொடுத்தால் எந்த ஃபோல்டர் என்று காட்டும்.

மூன்றாவது வழியும் உண்டு, கொஞ்சம் கரடுமுரடு. லைப்ரரி ஃபங்ஷனின் அறிவிப்பில் பிசிஎஸ் என்ற ஆட்ரிபியூட்டை 'ஏஏபிசிஎஸ்' என்று கொடுத்தால், அந்த ஃபங்ஷனை மட்டும் கம்பைலர் அடிப்படை முறையில் அழைக்கும். அப்போதும் லிங்கர் முரண்டு பிடிக்கும். அதை அடக்குவதற்கு முன் 'என்எம்' கட்டளையால் அந்த லைப்ரரி வெளியிலிருந்து எதை எதிர்பார்க்கிறது என்று பாருங்கள். சைன்எஃப், எக்ஸ்ப்எஃப் போன்ற கணித ஃபங்ஷன்கள் 'யு' என்ற அடையாளத்தோடு தெரிந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள், லைப்ரரி அவற்றை அடிப்படை முறையில் அழைத்து உங்கள் ஹார்ட் கணித லைப்ரரியிடம் மாட்டிக்கொள்ளும். '__ஏஇஏபிஐ' என்று தொடங்குபவை மட்டும் இருந்தால் பயமில்லை. அவை எப்போதும் அடிப்படை முறைதான்.

கேள்வி: விசைத்தறி நின்றால் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் புரோகிராமை என் லேப்டாப்பில் கம்பைல் செய்து ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் போட்டேன். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஓட்டினால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது.
– புத்தூர் வாசகர், ஆந்திரம்

பதில்: இல்லை என்று அது சொல்வது உங்கள் கோப்பை அல்ல, அதை ஏற்றிவிடும் லோடரை. 'ரீட்எல்ஃப் -எல்' கொடுத்து இன்டர்ப்ரெட்டர் வரியைப் பாருங்கள். 'எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.3' என்று இருந்தால் அது அடிப்படை முறையில் ஃப்ளோட் அனுப்பும் ஆர்ம்எல் என்ற பழைய முறை. 32 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் இருப்பது ஹார்ட் முறையின் 'எல்டி-லினக்ஸ்-ஆர்ம்எச்எஃப்.எஸ்ஓ.3'. கம்பைலர் பெயர் 'க்னுஇஏபிஐ' என்று முடியாமல் 'க்னுஇஏபிஐஎச்எஃப்' என்று முடிய வேண்டும். அந்த லோடர் பெயரில் சிம்லிங்க் (வேறு கோப்பைக் காட்டும் குறுக்குவழி) போட்டு ஏமாற்ற வேண்டாம், பிழை மறைந்து தப்புக் கணக்கு வரும். உங்களுடையது பை 1 அல்லது பழைய பை ஜீரோ என்றால் டெபியனின் எச்எஃப் கம்பைலரும் சரிப்படாது. அது ஆர்ம்வி7-க்கானது, அந்த போர்டுகள் ஆர்ம்வி6.

கேள்வி: பிசியில் வேகத்துக்காக '-எஃப்ஃபாஸ்ட்-மேத்', '-எம்ஏவிஎக்ஸ்' எல்லாம் போடுகிறேன். இவையும் அழைப்பு முறையைக் கெடுக்குமா?
– செங்கோட்டை வாசகி

பதில்: ஃபாஸ்ட்-மேத் கெடுக்காது. எண் போகும் ரெஜிஸ்டர் மாறாது, விடையின் துல்லியம்தான் மாறும். ஆனால் லிங்க் செய்யும்போது அது இருந்தால், மிகச் சிறிய எண்களைச் சுழியாக்கும் அமைப்பைப் புரோகிராம் தொடங்கும்போதே ஜிசிசி போட்டுவிடலாம். அது உங்கள் கோப்பை மட்டுமல்ல, புரோகிராமில் உள்ள மற்ற லைப்ரரிகளையும் பாதிக்கும். 32 பிட் எக்ஸ்86-இல் (பிசி சிப் வகை), புதிய எஸ்எஸ்இ ரெஜிஸ்டர்களில் கணக்குப் போடச் சொல்லும் '-எம்எஃப்பிமேத்=எஸ்எஸ்இ' போட்டாலும் விடை திரும்பி வரும் இடம் பழைய எக்ஸ்87 ரெஜிஸ்டர் அடுக்குதான்.

ஏவிஎக்ஸ் (பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் வசதி) சாதாரண ஃப்ளோட்டையும் டபுளையும் தொடாது. பல எண்கள் சேர்ந்த 256 பிட் வெக்டரை ஃபங்ஷனுக்கு நேராக அனுப்பினால் மட்டும், ஏவிஎக்ஸ் உள்ள கோப்பும் இல்லாத கோப்பும் வெவ்வேறு இடத்தில் தேடும். அப்போது ஜிசிசி தரும் 'பிஎஸ்ஏபிஐ' எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள்.

உண்மையில் அஞ்ச வேண்டியவை வேறு. '-எம்லாங்-டபுள்-64' போட்டால் லாங் டபுளின் அளவே மாறுகிறது, சி லைப்ரரிக்கு அது தெரியாது. '-எம்எஸ்எஸ்இரெக்பார்ம்' 32 பிட்டில் ஆர்கியுமென்ட் இடத்தை மாற்றும். 64 பிட்டில் '-எம்நோ-எஸ்எஸ்இ' போட்டுவிட்டு டபுளைத் திருப்பி அனுப்பினால் ஜிசிசி பிழை காட்டி நின்றுவிடும். இதில் பிழை வருவது நல்லது.

கேள்வி: ரிஸ்க்-வி சிப்களுக்குக் கம்பைல் செய்யும்போது 'எம்ஆர்ச்', 'எம்ஏபிஐ' என்று இரண்டு எதற்கு? ரஸ்ட் மொழியில் எப்படி?
– திருத்தணி கல்லூரி மாணவர்

பதில்: எந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தலாம் என்பது எம்ஆர்ச். எண் எந்த ரெஜிஸ்டரில் கைமாறும் என்பது எம்ஏபிஐ. 'ஆர்வி32ஐஎம்ஏஎஃப்சி'யோடு 'ஐஎல்பி32' போடலாம், அது மேலே சொன்ன சாஃப்ட்எஃப்பி போன்றது. எஃப் (ஃப்ளோட் கட்டளைகள்) இல்லாத 'ஆர்வி32ஐஎம்ஏசி'யோடு 'ஐஎல்பி32எஃப்' கேட்டால் கம்பைலரே மறுத்துவிடும். ரஸ்ட் இதை, எந்தச் சிப்புக்கு என்று சொல்லும் டார்கெட் பெயரிலேயே கட்டிவைக்கிறது: கோர்டெக்ஸ்-எம்4-க்கு (எஸ்டிஎம்32எஃப்407-இல் இருக்கும் கோர்) 'தம்ப்வி7இஎம்-நன்-இஏபிஐ' ஒன்று, எச்எஃப் சேர்ந்த மற்றொன்று. முறையை மாற்ற வேண்டுமானால் டார்கெட்டை மாற்றுங்கள், டார்கெட்-ஃபீச்சரை நோண்டாதீர்கள்.

கேள்வி: பால் சொசைட்டி எடைக் கருவியில் பூட்லோடர் (கருவி தொடங்கும்போது முதலில் ஓடும் புரோகிராம்) ஒருவர் எழுதியது, ஆப் இன்னொருவர் எழுதியது. பூட்லோடரின் ஃபங்ஷன் அட்டவணை வழியாக எடைத் திருத்தத்தை ஆப் அழைக்கிறது. லிங்கர் ஒன்றும் சொல்லவில்லை, எடை மட்டும் தப்பு. இனி வராமல் தடுப்பது எப்படி?
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: இங்கும் ஒன்று ஹார்ட், மற்றது அடிப்படை முறையாக இருக்கலாம். இரண்டும் தனித்தனியாக லிங்க் ஆகின்றன, லிங்கர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இல்லை. கையால் எழுதிய அசெம்ப்ளி கோப்புகளும் அதன் கண்ணுக்குத் தப்பும், அவற்றில் பெரும்பாலும் ஏபிஐ (அழைப்பு முறை) அடையாளம் இருக்காது.

எல்லையைக் கடக்கும் ஃபங்ஷன்களில் ஃப்ளோட்டை நேராக அனுப்பாதீர்கள். எடையைக் கிராமில் 32 பிட் இன்ட்டாக அனுப்புங்கள். ஃப்ளோட் வேண்டியே ஆக வேண்டுமென்றால் ஸ்ட்ரக்சரில் வைத்து அதன் பாயின்ட்டரைக் கொடுங்கள். பாயின்ட்டர் எந்த முறையிலும் ஆர் ரெஜிஸ்டரில்தான் போகும். விடையையும் அதே ஸ்ட்ரக்சரில் எழுதச் சொல்லுங்கள்.

சிபியு, எஃப்பியு, ஃப்ளோட்-ஏபிஐ மூன்றையும் மேக்ஃபைலில் ஒரே வேரியபிளில் வைத்து, கம்பைல், அசெம்பிள், லிங்க் மூன்று வரிகளிலும் அதையே போடுங்கள். ஹார்ட் முறையில் மட்டும் கம்பைலர் '__ஏஆர்எம்_பிசிஎஸ்_விஎஃப்பி' என்ற மேக்ரோவை வைக்கும். ஹார்ட் முறை என்று முடிவு செய்திருந்தால், பொது ஹெடரில் அது இல்லாவிட்டால் '#எரர்' வரும்படி எழுதிவிட்டால், யாராவது ஃப்ளாக்கை மாற்றிய அன்றே பில்ட் நின்றுவிடும். பில்டின் கடைசியில் எல்லா '.ஓ', '.ஏ' கோப்புகளையும் 'ரீட்எல்ஃப்'பில் பெரிய எழுத்து ஏ போட்டு ஓட்டி, 'டேக்_ஏபிஐ_விஎஃப்பி_ஆர்க்ஸ்' வரி எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஸ்கிரிப்டில் ஒப்பிடுங்கள். ஹார்ட் கோப்பில் 'விஎஃப்பி ரெஜிஸ்டர்ஸ்' என்று இருக்கும், சாஃப்ட், சாஃப்ட்எஃப்பி இரண்டிலும் அந்த வரியே இராது.

அட்டவணையின் முதல் இடத்தில் ஒரு இன்ட் வையுங்கள்: ஹார்ட் என்றால் 1, மற்றது 0. அதே மேக்ரோவைப் பார்த்து பூட்லோடர் அதை நிரப்பட்டும். ஆப் தொடங்கியதும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் எடை காட்டாமல் பிழை எண்ணைக் காட்டட்டும். ஏற்கெனவே சொசைட்டிகளில் இருக்கும் கருவிகளில் பூட்லோடரை மாற்ற முடியாது என்றால், இந்தச் சோதனையையும் வைக்க முடியாது. ஆப்பை பூட்லோடரின் ஃப்ளாக்குக்கு மாற்றுவதே எளிய வழி.