பழைய லேப்டாப்பை ஒதுக்கிவிட்டு, மின்சாரம் குறைவாக இழுக்கும் புதியதை வாங்குவது சூழலுக்கு நல்லதா?

பெரும்பாலும் இல்லை. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

பழையது 30 வாட், புதியது 15 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் 8 மணி நேரம், வருடத்தில் 250 நாள் ஓடினால் மிச்சம் 30 யூனிட்தான். யூனிட்டுக்கு அரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் 15 கிலோ. புது லேப்டாப்போ உங்கள் கைக்கு வருவதற்குள் சுமார் 200 கிலோவை வெளியேற்றியிருக்கும். சிப், திரை, சர்க்யூட் போர்டு தயாரிப்பில்தான் பெரும்பகுதி. இந்தக் கடன் அடைய 13 வருடத்துக்கு மேல் ஆகும். உங்கள் மின்சாரம் சூரிய ஒளியிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்தால் இன்னும் இழுக்கும்.

அதனால் முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போடுங்கள். ஃபேன் தூசியைத் துடைத்து, பிராசசரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். சூடேறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைத்தான் பலர் ‘பழசாகிவிட்டது’ என்று நினைத்துவிடுகிறார்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், உடனே மாற்றுங்கள். ராம் என்ற நினைவகம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் அதைக் கூட்ட முடியாது. வாங்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.

தூக்கிப்போட்டாலும் மறுசுழற்சி ஆகிவிடுமே என்று நம்பிவிடாதீர்கள். 2022-ல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே.

விதிவிலக்கு, இரவு பகலாக ஓடும் பழைய சர்வர். அதில் 100 வாட் குறைந்தாலே வருடத்துக்கு 876 யூனிட் மிச்சம். அதைத் தாராளமாக மாற்றலாம்.

டிஜிட்டல் தொழில்நுட்பம் நிஜமாகவே பலன் தருவது பெரிய மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் இடத்தில். காற்றோட்ட ஃபேன் இழுக்கும் மின்சாரம் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி என்ற கருவியை வைத்து வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் 5 கிலோவாட் ஃபேன் சுமார் 2.6 கிலோவாட்டில் ஓடும். 4,000 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 9,700 யூனிட் மிச்சம்! உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பில் மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வேகத்தை ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் தண்ணீரே ஏறாது.

இதற்கு நேர் எதிர், ஃபோனிலிருந்தே ஆன், ஆஃப் செய்யும் ஸ்மார்ட் பிளக். வைஃபைக்காகவே எந்நேரமும் சுமார் 1 வாட் இழுக்கும். ஸ்டாண்ட்பையில் அரை வாட் இழுக்கும் டிவிக்கு அதை மாட்டினால் செலவு கூடத்தான் செய்யும். சாதாரண சுவிட்சே போதும்.