சொல்லின் வாலில் ஒட்டிய ‘அந்த’

கேள்வி: ‘அப்பா, பிதாவே’, ‘கபத்தா’, ‘கொல்கொதா’ என்று வேதாகமத்தில் வரும், எபிரெயத்துக்கு உறவான அரமேய மொழிச் சொற்கள் ‘ஆ’விலேயே முடிகின்றன. எபிரெயத்தில் ‘ஆ’ பெண்பால் விகுதியாமே. அப்படியானால் ‘அப்பா’?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: ஆண்பால்தான். ‘அந்த’ என்று சுட்ட எபிரெயம் ‘ஹ’வையும் அரபி ‘அல்’லையும் சொல்லுக்கு முன்னால் வைக்கும். அரமேயம் ‘ஆ’வாக வாலில் ஒட்டும். அரசன் எபிரெயத்தில் ‘மெலெக்’, அந்த அரசன் ‘ஹம்மெலெக்’. அரபியில் ‘அல்மலிக்’. அரமேயத்தில் ‘மல்க்கா’.

சிக்கல் இங்கேதான். எபிரெயத்தில் ‘மல்க்கா’ என்றால் அரசி! அரமேயம் அந்த அரசியைச் சொல்ல, முதலில் பெண்பால் ‘த்’ சேர்த்து, பிறகு ‘ஆ’ போட்டு ‘மல்க்கதா’ என்னும். தானியேல் 5:10இல் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. பேசுகிறவள் மல்க்கதா. அவள் சொல்வது: ‘மல்க்கா, லெ ஆல்மீன் ஹெயீ’ (ராஜாவே, நீர் என்றும் வாழ்க). எபிரெயம் மட்டும் படித்தவர், அரசி இன்னொரு அரசியை வாழ்த்துகிறாள் என்று நினைத்துவிடுவார். போதாக்குறைக்கு, ‘அந்த’ சேராத வெறும் ‘ஓர் அரசி’ அரமேயத்திலும் ‘மல்க்கா’தான், வினையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

விளிக்கும்போதும் இந்த ‘ஆ’ வரும். ‘அப்பா’ அப்படி வந்ததே. நம் அப்பாவோடு ஒலி ஒத்தது தற்செயல். பின்னால் அரமேயத்தின் கிளையான சுரியானியில் ‘அந்த’ என்ற சுட்டுப்பொருள் தேய்ந்து, சாதாரண அரசனும் ‘மல்க்கா’ ஆகிவிட்டான். நம் ‘ராஜா’வை இதோடு முடிச்சுப் போடாதீர்கள்!

கேள்வி: அரமேயப் பன்மை ‘ஈன்’, எபிரெயப் பன்மை ‘ஈம்’. நாங்கள் அரபியில் ஓதுவதோ ‘ரப்பில் ஆலமீன்’ (உலகங்களின் இறைவன்). அப்படியென்றால் அரமேயத்துக்கு அரபிதானே நெருக்கம்?
— வாசகர், கீழக்கரை

பதில்: ‘ன்’னை வைத்து நெருக்கத்தை அளக்க முடியாது. எபிரெயத்தின் ஒட்டிய உறவான மோவாபிய மொழியிலும், மோவாப் அரசன் மேசாவின் கி.மு. 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், பன்மைக்கு ‘ன்’தான்.

அரபி ‘ஈன்’ வேறு கணக்கு. எழுவாயானால் ‘முஸ்லிமூன்’, செயப்படுபொருளாகவோ ‘உடைய’ பொருளிலோ வந்தால்தான் ‘முஸ்லிமீன்’. அரமேயத்தில் வேற்றுமை விகுதிகள் உதிர்ந்துவிட்டதால் எல்லா இடத்துக்கும் ‘ஈன்’ ஒன்றுதான். மேலே அரசி சொன்ன ‘ஆல்மீன்’ உங்கள் ‘ஆலமீ’னுக்கு உறவுதான், அங்கே காலம், இங்கே உலகங்கள்.

மூன்றும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. ‘இன்னாருடைய’ என்று அடுத்த பெயர் வந்து ஒட்டினால் கடைசி மெய் விழுந்துவிடும். அரபி ‘பனீன்’ (புதல்வர்கள்), ‘பனீ இஸ்ராயீல்’ (இஸ்ராயீலின் புதல்வர்கள்) ஆகும். எபிரெய ‘பானீம்’, ‘பெனே இஸ்ராயேல்’ ஆகும். அரமேய ‘பெனீ’னும் ‘பெனே’தான். காரணம் வேறென்றாலும், நினைவில் நிற்க ‘மரம் + வேர் = மரவேர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.