லேப்டாப் கிராபிக்ஸ் சிப்பை வீட்டிலேயே சூடாக்கிச் சரிசெய்ய முடியுமா?

படம் திரும்ப வரலாம், நிலைக்காது.

திரையில் தெரியும் படத்தைக் கணக்கிட்டுத் தருவதுதான் கிராபிக்ஸ் சிப். அதன் சிலிக்கான் துண்டு, கண்ணுக்கு எட்டாத சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்) புள்ளிகளால் தன் அடித்தட்டோடு இணைந்திருக்கிறது. சூடேறினால் அடித்தட்டு அதிகம் விரியும், சிலிக்கான் கொஞ்சமே விரியும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடுமே, அதுபோல இந்த இழுபறியில் புள்ளிகள் விரிசல் விடும். முதலில் கோடுகள், கட்டம் கட்டமாகச் சிதறல், அப்புறம் ஒரேயடியாக இருட்டு.

ஹாட் ஏர் கன்னால் சூடாக்கும்போது விரிசலின் இரு பக்கமும் விரிந்து தொட்டுக்கொள்ளலாம். சில நாளோ சில வாரமோ ஓடும். ஃபைல்களைக் காப்பி எடுக்க அது போதும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். சமையல் ஓவனில் மதர்போர்டை (சிப் பொருத்தியிருக்கும் முதன்மைத் தட்டு) வைக்கும் வேலையே வேண்டாம். பிளாஸ்டிக் உருகும், நச்சுப் புகை வரும். உருப்படியான வழி, புதுச் சிப் அல்லது மதர்போர்டு மாற்றுவதுதான்.

சால்டர் உருகி மறுபடி ஒட்டிக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஈயமில்லாத சால்டர் உருகச் சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். வீட்டு முயற்சியில் சிப்பின் அடிவரை அந்தச் சூடு சீராகப் போய்ச் சேர்வது அரிது.